உயரம் எங்கே எண்ணப்படுகிறது? மருத்துவப் பணியிலும் துணை தேடலிலும் ஆணின் உயரம்

ஓர் ஆணின் உயரம் அவருடைய தொழிலையும் மண வாழ்வையும் பாதிக்கிறதா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. திறமைக்கு முன்னால் உயரமாவது ஒன்றாவது என்று தட்டிக்கழிப்பது ஒன்று. குட்டையானவரை உலகம் மதிக்காது என்று முடிவே கட்டிவிடுவது மற்றொன்று. இரண்டுமே அவசரப் பதில்கள். உயரத்துக்கு விளைவு உண்டு என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த விளைவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்பதையும் அதே ஆய்வுகள்தாம் காட்டுகின்றன. மருத்துவத் தொழிலையும் துணை தேடலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு நன்றாகப் புலப்படும்.

உயரத்தை வைத்து ஒருவரை உயர்வாகவோ தாழ்வாகவோ நடத்துவதை 'உயரப் பாகுபாடு' எனலாம். இதற்கான ஆங்கிலச் சொல்லை 1971ஆம் ஆண்டில் சமூகவியல் விவாதத்துக்குள் கொண்டுவந்தவர் சால் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். அதன்பின் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்திலும், நியூயார்க் நகரம் 2023ஆம் ஆண்டிலும், வேலையில் உயரத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடை செய்தன. இப்படி வெளிப்படையாகத் தடுக்கும் சட்டங்கள் உலகில் மிகச் சிலவே.

உயரம் ஒருவரின் வாழ்க்கைக்குள் நுழைவதற்கு மூன்று வழிகள் உண்டு. அவற்றைப் பிரித்தறிந்துகொண்டால்தான் இனிச் சொல்லப்படுவது குழப்பமின்றி விளங்கும். உயரமான தட்டில் இருக்கும் பொருள் கைக்கு எட்டுமா எட்டாதா என்பது போன்ற உடல் சார்ந்த வழி முதலாவது. எதிரில் நிற்பவர் நம்மை அளந்து மனத்துக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு இரண்டாவது. வளரும் பருவத்தில் உயரத்தின் பொருட்டு ஒருவருக்குக் கிடைத்த, அல்லது கிடைக்காமல் போன, அனுபவங்கள் அவருக்குள் விட்டுச் செல்லும் தடம் மூன்றாவது. பேச்சு வழக்கில் இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் இந்த விஷயத்தில் வீண் வாதங்கள் பெருகுகின்றன.

'குட்டை' என்பது ஒப்பீட்டுச் சொல் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ.; பிரிட்டனில் அது 175 செ.மீ. அளவில் இருக்கிறது, நெதர்லாந்தில் 180 செ.மீ.யைத் தாண்டுகிறது. மதுரையில் நல்ல உயரம் என்று பெயர் வாங்கிய 170 செ.மீ. மருத்துவர் பிரிட்டனின் அரசு மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சராசரிக்குக் கீழே போய்விடுகிறார். அவர் உடலில் ஒன்றும் மாறவில்லை, சுற்றி நிற்பவர்கள்தாம் மாறியிருக்கிறார்கள்.

வருமானத்தின் கணக்கு

உயரத்தையும் ஊதியத்தையும் இணைத்துப் பேசுவோர் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது திமோதி ஜட்ஜ், டேனியல் கேபிள் ஆகிய இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வை. ஓர் அங்குலம் கூடுதல் உயரத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 789 டாலர் கூடுதல் வருமானம் இணைந்து வருகிறது என்று அவர்கள் கணித்தார்கள். இந்த எண் உலகம் முழுக்கச் சுற்றிவந்துவிட்டது. ஆனால் அதே 2004இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பெர்சிகோ, போஸ்ட்ல்வெய்ட், சில்வர்மன் ஆகிய பொருளியலாளர்கள், அமெரிக்க, பிரிட்டிஷ் தரவுகளை ஆராய்ந்து, வருமானத்தோடு பொருந்திப் போவது வளர்ந்தபின் உள்ள உயரத்தைவிடப் பதினாறு வயதில் இருந்த உயரமே என்று கண்டார்கள். இன்று ஒரே உயரத்தில் நிற்கும் இருவரில், பதின்பருவத்தில் உயரமாக இருந்தவர் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். பள்ளியில் விளையாட்டு அணியிலும் மாணவர் குழுக்களிலும் அவர் கூடுதலாகப் பங்கெடுத்திருக்கிறார். மேற்சொன்ன மூன்றாவது வழி இதுதான்.

2008இல் ஆன் கேஸ், கிறிஸ்டினா பாக்ஸன் ஆகிய இருவர் இன்னும் பின்னோக்கிச் சென்றார்கள். மூன்று வயதிலேயே, பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே, உயரமான குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் சராசரியாகச் சற்று முந்தியிருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் கிடைத்த ஊட்டமும் உடல்நலமும் எலும்பையும் மூளையையும் சேர்த்தே வளர்க்கின்றன என்பது அவர்களது விளக்கம். இது சராசரிகளைப் பற்றிய பேச்சு என்பதை மறந்து தனி மனிதர் எவரையும் இதனால் அளக்கப் புகுவது அபத்தமாக முடியும்.

மருத்துவத் தொழில் இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்குவதில்லை. அதன் வாசலில் நேர்முகத் தேர்வாளரின் கண் இல்லை. நீட் தேர்வின் மதிப்பெண் இருக்கிறது. அரசுப் பணியில் ஊதியம் பதவிப் படிநிலையைப் பொறுத்தது. ராணுவ மருத்துவக் கல்லூரி போல, படித்து முடித்தபின் படையில் அதிகாரியாகச் சேர வேண்டிய இடங்களில்தான் குறைந்தபட்ச உயரத் தகுதி கேட்கப்படுகிறது. ஆகவே உயரத்தின் செல்வாக்கை மருத்துவமனைக்கு உள்ளேதான் தேட வேண்டும்.

மேஜையின் உயரமும் மருத்துவரின் உயரமும்

அறுவைச் சிகிச்சை அரங்கிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் உடல் சார்ந்த வழி உண்மையிலேயே செயல்படும் இடம் அது. நிற்கும் மனிதரின் முழங்கை தரையிலிருந்து இருக்கும் உயரம், அவரது மொத்த உயரத்தில் ஏறத்தாழ 63 சதவீதம். 165 செ.மீ. உயரமுள்ள மருத்துவருக்கு அது சுமார் 104 செ.மீ.; 185 செ.மீ. உயரமுள்ளவருக்குச் சுமார் 117 செ.மீ. உடலைத் திறந்து செய்யும் அறுவையில் வேலை நடக்கும் இடம் ஏறத்தாழ முழங்கை மட்டத்தில் இருந்தால்தான் தோளும் முதுகும் நோகாமல் மணிக்கணக்கில் நிற்க முடியும். ஒரே மேஜையைச் சுற்றி இவ்விருவரும் நின்றால் இடையில் 13 செ.மீ. வித்தியாசம் விழுகிறது. மேஜையை உயரமானவருக்கு ஏற்ப நிறுத்திவிட்டு, மற்றவர் ஒரு சிறிய படிமேடை மேல் ஏறி நிற்பதுதான், வேலையிடத்தை உடலுக்கு ஏற்ப அமைக்கும் துறையான பணியிடச் சூழலியல் பரிந்துரைக்கும் வழி. தலைமை அறுவை மருத்துவரின் வசதிக்காக மேஜை தாழ்த்தப்பட்டு, உயரமான உதவி மருத்துவர் கழுத்தைக் குனிந்தபடியே மூன்று மணி நேரம் கழிப்பதும் நடக்கிறது. உயரம் தரும் தொல்லை குட்டையானவருக்கு மட்டும் உரியதன்று.

சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் அறுவையான லேப்ராஸ்கோப்பி வந்தபின் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. நீண்ட கருவிகளைப் பிடித்து வேலை செய்ய வேண்டியிருப்பதால், மேஜை முழங்கை உயரத்தில் 70 முதல் 80 சதவீத அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும் என்று ஆய்வுகள் கூறுகின்றன. நோயாளியின் வயிறு வாயுவால் உப்பியிருக்கும்; மேஜையோ ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது. எனவே 160 செ.மீ. உயரமுள்ளவர் தோளைத் தூக்கியபடியே கருவியைப் பிடிக்க நேர்கிறது. இதற்குப் படிமேடையே போதும். ஆனால் கருவியை இயக்கும் கால் மிதியும் அதே மேடையில் இருக்க வேண்டும், இரண்டு மேடைகள் அசையாமல் ஒட்டி நிற்க வேண்டும் என்பன போன்ற சில்லறை ஏற்பாடுகளை யாரேனும் யோசித்திருக்க வேண்டும். சராசரி உயரம் குறைவான பெண் மருத்துவர்கள் இந்தத் தொல்லையை ஆண்களைவிட அதிகம் சந்திக்கிறார்கள் என்பதால், இதை 'குட்டை ஆணின் குறை' என்று எழுதிவைப்பது விஷயத்தைத் திசைதிருப்புவதாகும். குறை தளவாடத்தில் இருக்கிறது.

இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி இன்னொரு எடுத்துக்காட்டு. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும்; தோள் கைகளுக்கு நேர் மேலே இருந்தால்தான் உடல் எடை அந்த வேலையைச் செய்யும். கட்டில் உயரமாக இருந்தால் குட்டையானவர் கைபலத்தால் அழுத்திச் சோர்ந்துபோவார். கட்டிலைத் தாழ்த்துவதும் படிமேடை போடுவதும் கட்டில் மேலேயே மண்டியிடுவதும் இதற்கு வழக்கமான வழிகள். உயரத்தால் சவாலாகும் வேலைகளின் பட்டியல் ஏறக்குறைய இத்துடன் முடிந்துவிடுகிறது. கண் அறுவை மருத்துவர் நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்து வேலை செய்கிறார். கதிரியக்க நிபுணர், நோயியல் நிபுணர், மனநல மருத்துவர் ஆகியோருக்கு உயரத்தால் ஆவது எதுவும் இல்லை.

உயரத்தை ஒரு தகுதியாகவே கருதி வாசலை அடைத்த நிகழ்ச்சிகளும் உண்டு. குஜராத்தைச் சேர்ந்த கணேஷ் பரையாவின் உயரம் மூன்றடி. 2018இல் நீட் தேர்வில் தேறியும், இந்த உயரத்தில் அவசர சிகிச்சையைக் கையாள முடியாது என்று கூறி அவருக்கு எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்டது. குஜராத் உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2019இல் பாவ்நகர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்து மருத்துவரானார். தன்னைப் பார்த்ததும் நோயாளிகள் முதலில் திகைப்பதாகவும், சற்று நேரத்தில் இயல்பாகி ஏற்றுக்கொள்வதாகவும் அவர் செய்தியாளர்களிடம் கூறியிருக்கிறார். அமெரிக்காவின் மைக்கேல் ஐன் கதையும் இதே தடத்தில் செல்கிறது. எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டால் நாலடி மூன்று அங்குலத்தோடு நின்றுவிட்ட அவரைப் பல மருத்துவக் கல்லூரிகள் திருப்பி அனுப்பின. இறுதியில் ஆல்பனி மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. பின்னர் அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குழந்தைகளுக்கான எலும்பு அறுவை மருத்துவரானார். படிமேடை போட்டு நின்று முதுகெலும்பு அறுவை செய்கிறார் என்பது, அவசர சிகிச்சை குறித்த ஊகங்களுக்கெல்லாம் போதுமான மறுமொழி.

இந்த இருவர் வழக்கிலும் தடையாக வந்தது எட்டாத கை அன்று, எதிரில் இருப்பவரின் மனக்கணக்கு. அந்தக் கணக்கு சாதாரண உயரக் குறைவுக்கும் பொருந்துகிறது. குட்டையான இளம் மருத்துவரை வார்டில் மாணவர் என்று எண்ணி, "பெரிய டாக்டர் எப்போது வருவார்?" என்று கேட்கும் உறவினர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆயினும் மருத்துவரிடம் இந்த மனக்கணக்கைத் திருத்தும் கருவிகள் ஏராளம். வெள்ளைக் கோட்டு, பெயர்ப் பலகையில் உள்ள பட்டங்கள், கூட நிற்கும் செவிலியர் காட்டும் மரியாதை, முதல் சிகிச்சையின் பலன் என எல்லாம் சேர்ந்து இரண்டாவது சந்திப்புக்குள் உயரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. போதாக்குறைக்கு நோயாளி பெரும்பாலும் படுத்திருக்கிறார். படுத்திருப்பவருக்கு எல்லா மருத்துவரும் உயரமானவரே.

அறுவை மருத்துவர்கள் பிற மருத்துவர்களைவிட உயரமானவர்கள் என்று ஒரு செய்தி அவ்வப்போது சுற்றும். அதன் மூலம், பிரிட்டிஷ் மருத்துவ இதழின் 2006ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இதழில் வந்த பார்சிலோனா மருத்துவமனைக் கட்டுரை. சராசரியாக அறுவை மருத்துவர்கள் 179.4 செ.மீ., பொது மருத்துவர்கள் 172.6 செ.மீ. என்று அதில் இருந்தது. ஒப்பிடப்பட்டவர்கள் பக்கத்துக்கு 12 பேர். அழகை அளக்க மருத்துவராக நடித்த திரைப்பட நடிகர்களின் படங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. அந்த இதழ் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் வேடிக்கை ஆய்வுகளை வெளியிடும் மரபுள்ளது என்பதை அறியாதவர்கள் இதைத் தொழில் ஆலோசனையாகவே எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

துணை தேடும்போது

துணை தேடலில் நிலைமை வேறு. இங்கே பட்டமும் கோட்டும் பேசத் தொடங்குவதற்கு முன்பே உயரம் பேசி முடித்துவிடுகிறது. ஹிட்ச், ஹொர்டாச்சு, ஏரியலி ஆகியோர் பாஸ்டன், சான் டியாகோ நகரங்களின் இணையவழித் துணை தேடல் தளப் பயனர்களை ஆராய்ந்தபோது, ஐந்தடி ஆறங்குல ஆண் ஒருவர் ஆறடி ஆணுக்கு இணையாகப் பெண்களின் கவனத்தை ஈர்க்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,75,000 டாலர் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு வந்தது. கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த ஆய்வு அளந்தது முதல் தொடர்பை, அதாவது யார் யாருக்கு முதல் கடிதம் எழுதுகிறார்கள் என்பதை. ஒருவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு படமும் நாலைந்து எண்களும்தான் என்ற நிலையில், அந்த எண்களில் ஒன்று அளவுக்கு மீறிக் கனப்பது இயல்பே.

கைபேசிச் செயலிகள் இதை ஒரு படி மேலே கொண்டுபோயின. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே உள்ளவர்களைக் கண்ணில் படாமலே வடிகட்டும் வசதி சில செயலிகளில் ஏற்கெனவே உண்டு. டிண்டர் என்ற துணை தேடல் செயலி 2025இல் கட்டணப் பயனர்களிடம் உயர விருப்பத்தைக் கேட்டுச் சோதித்துப் பார்த்தது. சல்லடையின் கண்ணை ஆறடிக்கு வைத்தால் ஐந்தடி பதினோரு அங்குலமும் ஐந்தடி இரண்டு அங்குலமும் ஒன்றாகவே கீழே விழுந்துவிடும். நேரில் சந்திக்கும்போது ஓர் அங்குல வித்தியாசத்தை எவரும் உணர்வதில்லை. சல்லடைக்கு அது முழு வித்தியாசம். ஆண்கள் இதற்குக் கண்டுபிடித்த மாற்று வழி எதிர்பார்க்கக்கூடியதே. நியூயார்க்கில் 80 பயனர்களை நேரில் வரவழைத்து அளந்து பார்த்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்கள் தங்கள் உயரத்தைச் சற்று கூட்டிச் சொல்லியிருந்தது தெரியவந்தது.

இனி, இந்த விருப்பம் கடைசியில் அமையும் இணைகளில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1980இல் வெளியான ஓர் ஆய்வு 720 தம்பதியரைப் பார்த்தது. அவர்களில் ஒரே ஒரு இணையில்தான் மனைவி கணவரைவிட உயரம். பிரிட்டனில் 2013இல் வெளியான பெரிய ஆய்வில் 92.5 சதவீத இணைகளில் ஆணே உயரம். இதை மட்டும் படித்தால் உயரம் ஒரு இரும்புவிதி என்று தோன்றிவிடும். ஆனால் ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட 13, 14 செ.மீ. உயரமானவர்கள். குலுக்கல் முறையில் இணைகளைச் சேர்த்திருந்தாலும் அந்தப் பிரிட்டிஷ் தரவில் ஏறக்குறைய 90 சதவீத இணைகளில் ஆணே உயரமாக இருந்திருப்பார். விருப்பம் என்ற ஒன்று கூட்டித் தந்தது இரண்டு, மூன்று சதவீதத்தைத்தான். சொல்லும் விருப்பத்துக்கும் அமையும் வாழ்க்கைக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வளவு பெரிது என்பது, இந்தத் துறையில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி.

விரைவுச் சந்திப்பு நிகழ்ச்சிகளில் சில நிமிடம் எதிரெதிரே அமர்ந்து பேசியவர்களை ஆராய்ந்த இன்னொரு ஆய்வும் இதையே காட்டுகிறது. பெண்கள் தம்மைவிட 25 செ.மீ. உயரமான ஆண்களை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்களோ தம்மைவிட 7 செ.மீ. மட்டும் உயரம் குறைந்த பெண்களை விரும்பினார்கள். இருவரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்த இணைகளில் வித்தியாசம் 19 செ.மீ.யில் வந்து நின்றது. பேரத்தில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்திருக்கிறது.

அமெரிக்கக் குடும்பங்களை நெடுங்காலம் தொடர்ந்த தரவைக் கொண்டு அபிகைல் வைட்ஸ்மன், டால்ட்டன் கான்லி ஆகியோர் 2014இல் எழுதிய ஆய்வில், குட்டையான ஆண்கள் திருமணம் செய்துகொள்ளும் விகிதம் குறைவாக இருந்தது. திருமணமானபின் அவர்களது மணமுறிவு விகிதமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. வீட்டு வேலையிலும் அவர்கள் பங்கு சற்று அதிகம். சல்லடையைத் தாண்டி வந்த இணைகள் வேறு காரணங்களுக்காக ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கலாம் என்பது இதற்குப் பொருத்தமான ஒரு விளக்கம்.

இரண்டும் சந்திக்கும் இடம்

தமிழ்க் குடும்பங்களில் மாப்பிள்ளை தேடும்போது பெயர், நட்சத்திரம், படிப்பு, சம்பளம் என்ற வரிசையில் உயரமும் ஒரு கட்டமாக எழுதப்படுகிறது. செயலியின் சல்லடைக்கு இது மூத்த உறவு. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. "பையன் டாக்டர்" என்றால் உயரக் கட்டத்தைப் பார்க்கும் கண்கள் சற்று மென்மையாகிவிடுகின்றன, "எம்.டி. முடித்துவிட்டார்" என்றால் இன்னும் மென்மையாகின்றன. பாஸ்டன் ஆய்வு டாலரில் அளந்த அதே ஈடுகட்டல்தான் இங்கே பட்டத்தால் நடக்கிறது. அங்கே பெண் வீட்டார் இல்லை, இங்கே இருக்கிறார்கள் என்பதால் விலை வேறு நாணயத்தில் சொல்லப்படுகிறது.

மருத்துவப் படிப்பின் நீளமும் ஒரு விதத்தில் குட்டையானவருக்குச் சாதகமாகிறது. பயிற்சி ஆண்டையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, மேற்படிப்பு மூன்று ஆண்டு என ஒரே கூட்டத்தோடு பழகும் காலம் இது. மருத்துவர்கள் மருத்துவர்களையே மணப்பது வழக்கமாக இருப்பதற்கு இரவுப் பணியும் தேர்வுத் தயாரிப்பும் ஒரு காரணம். அந்தப் பழக்கத்தில் இணையர் ஒருவரையொருவர் அறிவது எண்களுக்கு வெளியே. அவசர சிகிச்சைப் பிரிவில் நடு இரவில் பதறாமல் நிற்பவர் யார் என்று உடன் நின்றவருக்குத் தெரியும். செயலியில் எந்தக் கட்டத்திலும் இது எழுதப்படுவதில்லை.

உயரத்தைக் கூட்டியே தீர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மருத்துவம் வைத்திருக்கும் பதில் குறுகியது. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொண்ட பிறகு எந்த மாத்திரையும் பொடியும் உயரத்தைக் கூட்டாது. மிஞ்சுவது எலும்பை வெட்டி நீட்டும் அறுவை ஒன்றே. சோவியத் நாட்டின் குர்கன் நகரில் கவ்ரீல் இலிசரோவ், குறைபாடுள்ள கால்களைச் சரிசெய்ய உருவாக்கிய முறை அது. எலும்பை வெட்டி, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்க, இடைவெளியில் புது எலும்பு உருவாகும். மூன்று அங்குலம் வேண்டுமென்றால் விலக்குவதற்கே இரண்டரை மாதம். அந்த எலும்பு உறுதிப்படப் பல மாதங்கள். நரம்புப் பாதிப்பு, மூட்டு இறுக்கம், தொற்று ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடவே வருகிறது. 2016இல் ஹைதராபாத்தில் பெற்றோருக்குத் தெரிவிக்காமல் ஓர் இளைஞர் இந்த அறுவையைச் செய்துகொண்டது பெரும் சர்ச்சையாகி, மருத்துவக் கவுன்சில் வரை சென்றது. நடக்க இயலாதவரை நடக்க வைப்பதற்காக வந்த ஒரு சிகிச்சையை, நன்றாக நடப்பவர் ஒரு செயலியின் வரம்பைத் தொடுவதற்காக நாடும்போது, இடர்களை முழுமையாக எடுத்துச் சொல்வது எலும்பு மருத்துவரின் கடமையாகிறது. அனுபவமுள்ள மருத்துவர்கள் பலர் அத்தகையவரை முதலில் மனநல ஆலோசனைக்கு அனுப்புவதும் இதனால்தான்.